இரண்டாம் பிரிவில் எங்கள் கடைசி வருடம்

ஊரில் யுத்தம் முடிந்த வருடத்தில்தான் எங்கள் உதைபந்தாட்டக் கழகம் இரண்டாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. இந்த இரண்டையும் ஒரே வசனத்தில் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அது எங்கே, இது எங்கே. ஆனால் என்னுடைய அந்த வருடம் அப்படித்தான் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் தோற்றோம். மற்ற நாட்களில் செய்தி பார்த்தோம்.

கழகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஸ்காபரோவில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் பின்னால் நகரசபை மைதானம் ஒன்று இருந்தது. அனுமதி எடுத்து அதில் விளையாடினோம். உடுப்பு மாற்ற அறை கிடையாது. காரின் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்து, நடுவில் நின்று காற்சட்டை மாற்றுவோம். லீக்கில் போர்த்துக்கீசருக்கு ஓர் அணி, சேர்பியருக்கு ஓர் அணி, ஜமேக்கருக்கு ஓர் அணி என்று ஒவ்வொரு சனத்துக்கும் ஒன்று இருந்தது. தமிழருக்கு நாங்கள். முந்தின வருடம் மூன்றாம் பிரிவில் முதலாவதாக வந்து மேலே ஏறியிருந்தோம். அன்று பின்னேரம் பிளாசா ஒன்றின் சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டே, இன்னும் இரண்டு வருடத்தில் முதலாம் பிரிவு என்று ஆளாளுக்குக் கத்தினோம். அநேகமாக எல்லோரும் கலியாணம் கட்டின, முழங்கால் தேய்ந்த ஆட்கள். அப்படியும் கத்தினோம்.

நான் கோல் கீப்பர். வேலை மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் களஞ்சியத்தில். எனக்கு முன்னால் நடு பக்காக, தடுப்பு வரிசையின் மத்தியில் நின்று விளையாடியவன் என் கூட்டாளி. ஒரே அப்பார்ட்மென்ட் கட்டடத்தில் எனக்குக் கீழ் மாடியில் இருந்தான். நெடுவல், நல்ல உயரம். அதிகம் கதைக்கமாட்டான். பந்து தலைக்கு மேலே வந்தால் "என்ர" என்று ஒரு சத்தம் வைப்பான். மைதானத்தில் அவன் வாயிலிருந்து வரும் ஒரே சொல் அதுதான். அவனுடைய அப்பா, அம்மா, தங்கச்சி மூன்று பேரும் யுத்தம் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். தை மாதத்துக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அது எனக்கும், கழகத்தை நடத்திய அண்ணைக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றிருந்தான்.

அண்ணை பாடசாலை பஸ் ஓட்டுபவர். பயிற்சி கொடுப்பது, லீக்கோடு கடிதப் போக்குவரத்து, சட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்ப்பது எல்லாம் அவர்தான். இன்னும் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்வரிசையில் நின்று கோல் அடித்தவன். இங்கேயே பிறந்து வளர்ந்து யூனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்தான். நாங்கள் மேலே ஏறியது அவனால்தான். அதை நாங்களும் மறுக்கவில்லை, அவனும் மறக்கவிடவில்லை.

சீசன் வைகாசியில் தொடங்கியது. அந்த நாட்களில் தமிழ்ச் சனம் முழுக்க யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நகர மத்தியில் தெருவில் நின்றது. வேலை முடிந்ததும் நானும் அப்படியே சப்வே பிடித்துப் போய் நிற்பேன். குழந்தை வண்டில்களோடு தாய்மார், சக்கர நாற்காலியில் கிழவர்கள், தொண்டை கட்டிப்போன பள்ளிப் பிள்ளைகள். வேலைக்குப் போகிற வெள்ளைக்காரர் எங்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள். சிலர் காருக்குள் இருந்து ஹோர்ன் அடிப்பார்கள். அது ஆதரவா எரிச்சலா என்று தெரியாது.

முதல் மட்ச் ஒரு ஞாயிறு பகல். மைதானத்துக்கு ஆறு பேர் வந்திருந்தோம். ஏழு பேராவது இல்லாமல் ஆட்டம் தொடங்க முடியாது என்பது விதி. அண்ணை தெருவையும் ரெலிபோனையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டாளி வரமாட்டான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவன்தான் எனக்கும் முன்னரே வந்து, சப்பாத்துக் கட்டி, தனியாகச் சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்ரா வந்தனீ? வீட்டில நிண்டிருக்கலாமே," என்றேன்.

"வீட்டில நிண்டு? ரெலிபோனைப் பாத்துக்கொண்டு இருக்கவோ? மண்டை வெடிச்சிடும் மச்சான்."

றெஃபரி மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். பந்தே உருளாமல் தோற்றோம். மிசிசாகாப் பக்கத்திலிருந்து கார்களில் வந்திருந்த மற்ற அணி எங்களைத் திட்டிவிட்டு, தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து விளையாடத் தொடங்கியது. அணி வராததற்குத் தண்டனையாக லீக் எங்களுக்கு ஒரு புள்ளியும் வெட்டியது. அண்ணை காரணத்தை விளக்கி எழுதினார். மின்னலடித்தால், மைதானம் வெள்ளத்தில் நின்றால் தவிர வேறு காரணம் விதிப் புத்தகத்தில் இல்லை என்று பதில் வந்தது.

நாங்கள் ஆறு பேரும் மைதானத்திலிருந்து நேரே நகர மத்திக்குப் போனோம். உள்ளே கழகச் சட்டை, மேலே ஜக்கெட். கூட்டத்துக்குள் கோல் அடிக்கிறவன் நின்றான். தோளில் கொடி, கையில் ஒலிபெருக்கி. எங்கள் காலுறைகளைப் பார்த்தான்.

"ஆர் யூ சீரியஸ், அண்ணா? அங்க சனம் சாகுது. நீங்கள் சொக்கர் விளையாடிப்போட்டு வாறீங்கள்?"

கேட்டது என்னிடம். ஆனால் பக்கத்தில் நின்றது கூட்டாளி. சுற்றி நின்ற ஆட்கள் எல்லோரும் திரும்பி எங்கள் கால்களைப் பார்த்தார்கள். ஓர் அன்ரி, "வெக்கமில்லையோ பிள்ளையள்?" என்று கேட்டார். இவனுடைய வீட்டார் அங்கேதான் என்று சொல்ல எனக்கு வாய்வரைக்கும் வந்தது. கூட்டாளி என் ஜக்கெட்டின் கையைப் பிடித்து இழுத்தான். இருவரும் கூட்டத்தின் மறுபக்கம் போய் நின்றோம். அவன் மற்றவர்களோடு சேர்ந்து கத்தவில்லை. கைகளைப் பொக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டு, தெருவுக்கு எதிரே இருந்த கட்டடத்தின் ஜன்னல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தக் கிழமை எங்கள் சட்டைக்கு அனுசரணை தந்த பலசரக்குக் கடை முதலாளி அண்ணையைக் கூப்பிட்டார். எங்கள் நெஞ்சில் அவருடைய கடைப் பெயர் பெரிதாக அச்சடித்திருந்தது.

"தம்பி, குறை நினையாதையும். இந்த நேரத்தில என்ர கடைப் பேரோட நீங்கள் ஓடித்திரியிறதைச் சனம் ஒரு மாதிரிக் கதைக்குது. பேரை எடுத்துவிடும்."

புதுச் சட்டைக்கு வழியில்லை. அண்ணை கடைப் பெயரை மறைக்க, ஒட்டுகிற கறுப்பு ரேப் வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த மட்ச்சுக்கு முதல், கார்களுக்குப் பக்கத்தில் நின்று ஆளுக்காள் நெஞ்சில் ஒட்டிவிட்டோம். கடைப் பெயர் நீளமானது. இரண்டு வரி ரேப் தேவைப்பட்டது.

அன்று எதிரணி போர்த்துக்கீசர். ஒருவரையொருவர் திட்டிக்கொண்டாவது நாங்கள் பதினொரு பேர் சேர்ந்திருந்தோம். மைதானத்துக்குள் போனதும் அவர்களுடைய கப்டன் எங்கள் நெஞ்சைப் பார்த்தான். பிறகு றெஃபரியிடம் போய் ஏதோ சொன்னான். றெஃபரி எங்களை நடுவட்டத்துக்குக் கூப்பிட்டார்.

"உங்கள் நாட்டில் நடப்பதைச் செய்தியில் பார்க்கிறோம். உங்கள் இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம் என்று அவர்கள் கேட்கிறார்கள்," என்றார் ஆங்கிலத்தில்.

கறுப்பு ரேப்பைத் துக்கத்துக்கு ஒட்டியது என்று நினைத்துவிட்டார்கள். அண்ணை வெளியே கோட்டருகில் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. இல்லை, இது ஒரு கடைக்காரர் தன் பெயரை மறைக்கச் சொன்னதால் ஒட்டியது என்று யார் சொல்வது? நடுவட்டத்தைச் சுற்றி இரண்டு அணியும் நின்றோம். போர்த்துக்கீசர் தலை குனிந்திருந்தார்கள். ஒருவன் சிலுவைக் குறி போட்டான். எனக்குப் பக்கத்தில் கூட்டாளி நிமிர்ந்தே நின்றான். அவனுடைய ஆட்கள் அப்போது இறந்தவர்களா இருக்கிறவர்களா என்று அவனுக்குத் தெரியாது. தலை குனிந்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தானோ என்னவோ. விசில் ஊதியதும் அவர்கள் வந்து எல்லோருக்கும் கை தந்தார்கள். பிறகு எங்களுக்கு ஆறு கோல் அடித்தார்கள்.

யுத்தம் முடிந்தது என்று அறிவித்த திங்கட்கிழமை இங்கே அரச விடுமுறை. ராணியின் பிறந்தநாளுக்கென்று வருடாவருடம் வரும் விடுமுறை அது. வேலை இல்லை. கூட்டாளியின் வீட்டில் போய் இருந்தேன். ரிவியில் காட்டியதைப் பார்த்தோம். அவன் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஒருவரும் எடுக்கவில்லை. பொழுதுபடக் கட்டடத்துக்குப் பின்னால் பிள்ளைகள் வாணம் விடத் தொடங்கினார்கள். அந்த விடுமுறைக்கு எப்போதும் விடுவதுதான். ஒவ்வொரு வெடிக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவன் எழுந்துபோய்த் திரையை இழுத்து மூடிவிட்டு வந்து இருந்தான்.

அதற்குப் பிறகு தெருவில் நின்ற கூட்டம் மெல்லமெல்லக் கரைந்தது. சனம் வேலைக்குப் போனது, பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்குக் கொண்டுபோனது. கழகத்துக்கும் ஆட்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் வந்தவர்களுக்கு விளையாட்டு வரவில்லை. பயிற்சிக்கு வந்து கோட்டோரம் இருந்து, யார் துரோகி, யார் ஏமாற்றினது, யாரை நம்பி என்ன நடந்தது என்று சண்டை பிடித்தார்கள். இரண்டு பேர் கைகலப்பு வரை போனார்கள். அவர்கள் இருவரும் வலது பக்கத்தில் சேர்ந்து விளையாடுகிறவர்கள். அதன் பிறகு ஒருவன் மற்றவனுக்குப் பந்து கொடுக்கவேயில்லை. அந்தப் பக்கத்தால் எங்களுக்கு எத்தனை கோல் விழுந்தது என்று எண்ணவே வேண்டாம்.

கோல் அடிக்கிறவன் திரும்பி வரவில்லை. ஆனி நடுப்பகுதியில் தெரியவந்தது, அவன் முதலாம் பிரிவில் வேறொரு அணிக்கு விளையாடுகிறான் என்று. தமிழ்ப் பெடியன் ஒருவன்கூட இல்லாத அணி. அண்ணை அந்தச் செய்தியைக் கேட்டு, "நல்லா இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னார். பிறகு பந்து மூட்டையைக் காரின் டிக்கிக்குள் எறிந்த வேகத்தில் ஒரு பந்து துள்ளித் தெருவில் உருண்டது. அதை எடுக்க ஒருவரும் ஓடவில்லை.

ஆடி மாதம் ஒரு நாள் வேலையால் வந்து லிப்டுக்குள் ஏறினேன். உள்ளே கூட்டாளி நின்றான். கீழ்த்தளத்தில் தோய்த்த உடுப்புக் கூடையைக் கையில் வைத்திருந்தான்.

"தங்கச்சி கதைச்சவள்," என்றான்.

"எங்க நிக்கிறாள்?"

"முகாமில. ஆரிட்டயோ போன் வாங்கி எடுத்தவள். கொஞ்ச நேரந்தான் கதைச்சது."

"அப்பா, அம்மா?"

"அவை இல்லை."

லிப்ட் அவனுடைய மாடியில் நின்றது. கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான். நான் என் மாடிக்குப் போய், பிறகு படியால் கீழே இறங்கி அவன் வீட்டுக்குப் போனேன். அவன் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தான். நானும் இருந்து மடித்தேன்.

அந்த ஞாயிறு வராதே என்று சொன்னேன். வந்தான். எதிரணியின் முன்வரிசைக்காரன் ஒருவன் தொடக்கத்திலிருந்தே அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். எல்லா மட்ச்சிலும் நடப்பதுதான். இரண்டாம் பாதியில் அந்த முன்வரிசைக்காரன் ஒரு கோல் அடித்துவிட்டு, திரும்பிப் போகிற வழியில் கூட்டாளியின் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டிச் சிரித்தான். கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் நிறத்தைப் பற்றியோ நாட்டைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. கூட்டாளி அவனை அடித்து விழுத்தினான். விழுந்த பிறகும் அடித்தான். நான் கோலிலிருந்து ஓடிப்போய் அவனைப் பின்னால் கட்டிப்பிடித்தேன். அவன் உடம்பு அனலாகக் கொதித்தது. மூன்று பேர் சேர்ந்துதான் இழுத்தெடுத்தோம். றெஃபரி றெட் காட் காட்டி வெளியே அனுப்பினார். அடிபட்டவனுக்கு மூக்கு உடைந்தது.

லீக்கின் விசாரணை, தரைவிரிப்புக் கடை ஒன்றின் மேல் மாடியில் ஒரு சிறிய அலுவலகத்தில் நடந்தது. நான் சாட்சியாகப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று வெள்ளைக்காரர் இருந்தார்கள். கடுமையான ஆட்கள் என்று சொல்லமாட்டேன். நடுவில் இருந்த வயதானவர் தண்ணீர் போத்தலைக்கூட எங்கள் பக்கம் தள்ளிவைத்தார். றெஃபரியின் அறிக்கையை வாசித்துவிட்டு, தண்டனையைக் குறைக்கக்கூடிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

அண்ணை கதிரையில் முன்னுக்கு வந்தார். "ஐயா, இவருடைய குடும்பம்..." என்று ஆங்கிலத்தில் தொடங்கினார்.

"அண்ணை," என்றான் கூட்டாளி தமிழில். "அதை இங்க கதைக்க வேண்டாம்."

"சொன்னாத்தானேடா அவங்களுக்குத் தெரியும்."

"வேண்டாம் எண்டுறன்."

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

அண்ணை கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார். "மன்னிப்புக் கேட்கிறார்," என்றார்.

சீசன் முடியும்வரை தடை விதித்தார்கள். திரும்பி வரும்போது அண்ணை கார் ஓட்ட, நான் முன்னால் இருந்தேன். கூட்டாளி பின் சீற்றில் இருந்தான். அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு மூண்டு மட்ச்சோட விட்டிருப்பாங்கள். மனிசர்தானே அவங்களும். நீயும் இல்லையெண்டா நாங்கள் என்னெண்டு தப்புறது?"

"என்ர அப்பா அம்மா செத்ததைக் காட்டி ரெண்டு மட்ச் குறைச்சு வாங்கச் சொல்லுறியளோ, அண்ணை?"

அண்ணை திரும்ப வேண்டிய தெருவில் திரும்பாமல் நேரே ஓட்டிக்கொண்டு போனார். நெடுந்தூரம் போன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். இந்த மனிதர் அந்த வருடம் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். யாருக்காக அழுதார் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

கூட்டாளி இல்லாமல் மிச்ச மட்ச்சுகளை விளையாடினோம். விளையாடினோம் என்று சொல்வது சரியில்லை; நான் வலைக்குள்ளிருந்து பந்து பொறுக்கினேன். ஒரு மட்ச் வென்றோம், அதுவும் எதிரணிக்காரன் தன் கோலுக்குள்ளேயே அடித்ததால். கடைசி மட்ச்சில் நாங்கள் வென்று, வேறு இரண்டு அணிகள் தோற்றால் தப்பலாம் என்று அண்ணை கணக்குச் சொன்னார். புரட்டாதி மழை. எதிரணிக்கு அந்த மட்ச்சில் பெறவும் இழக்கவும் ஒன்றுமில்லை. அதனால் வழக்கமாக வாங்கில் இருக்கிற மாற்று ஆட்களை இறக்கியிருந்தார்கள். அவர்களிடமும் தோற்றோம். வெட்டிய அந்த ஒரு புள்ளியால்தான் கீழே போனோம் என்று பிறகு சிலர் கதை கட்டினார்கள். அது பொய். அந்தப் புள்ளியைத் திருப்பித் தந்திருந்தாலும் நாங்கள் அடியில்தான் கிடந்திருப்போம்.

மட்ச் முடிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, கோல் அடிக்கிறவன் வேலியருகே கோப்பியோடு நின்றான். பார்க்க வந்திருந்தான்.

"ஹார்ட் லக், அண்ணா."

நான் நின்றேன். "சனம் சாகேக்க விளையாடக் கூடாது எண்டு சொன்னனீ. இப்ப மற்றவங்களுக்கு விளையாடுறாய். அது பறவாயில்லையோ?"

அவன் முகம் சிவந்தது.

"அது வேற, அண்ணா. அங்க ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். அங்க நான் ஜஸ்ட் நம்பர் நைன். இஞ்ச வந்தா உங்கட முகங்களைப் பாக்கோணும். ஐ கான்ட்."

அவன் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கியதால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. காருக்குப் போனேன். அவனோடு அதன் பிறகு கதைக்கவில்லை.

இலை உதிரத் தொடங்கிய நேரம் கழகத்தின் கூட்டம் அண்ணையின் வீட்டு நிலக்கீழ் அறையில் நடந்தது. கடை முதலாளியும் வந்திருந்தார். பற்றிஸ், ரோல்ஸ் என்று சிற்றுண்டி பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்திருந்தார். அடுத்த கோடையில், இறந்த சனத்தின் நினைவாக ஒரு கிண்ணப் போட்டி வைக்கப் போகிறாராம். ஸ்காபரோவில் உள்ள எல்லாத் தமிழ்க் கழகங்களையும் கூப்பிடுவாராம். கிண்ணம், பதாகை, சட்டைகள் எல்லாம் கடையின் செலவு.

"பதாகையில கடைப் பேர் வருமோ?" என்று கேட்டேன்.

"வராமல்? செலவழிக்கிறன் தானே, தம்பி."

சனம் சாகும்போது எங்கள் நெஞ்சில் இருக்கக் கூசிய பெயர், செத்து முடிந்ததும் பதாகையில் ஏறத் தயாராக இருந்தது. இதைச் சத்தமாகவே சொன்னேன். ஒருவரும் என்னை ஆமோதிக்கவில்லை. ஒருவன், "உனக்கு எல்லாத்திலயும் குறைதான்," என்றான். கூட்டாளி எழுந்து ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். நானும் போனேன். அண்ணை இருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பதினைந்து பேருக்குச் சட்டை வேண்டும் அவருக்கு.

கழகம் மூன்றாம் பிரிவில் இன்னும் ஒரு வருடம் இழுபட்டு, ஆள் சேராமல் நின்றுபோனது. நினைவுக் கிண்ணம் வருடாவருடம் நடக்கிறது. பெரிய கூட்டம் வரும் என்கிறார்கள். நான் போனதில்லை.

கூட்டாளி விட்பியில் வீடு வாங்கிக்கொண்டு போனான். தங்கச்சியை இங்கே எடுப்பிக்க அவனுக்குப் பல வருடம் பிடித்தது. அவள் வந்து சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டான். மெல்லிய பெண். இடது கையை முழுதாக மடக்க முடியாது அவளுக்கு. காரணத்தை நான் கேட்கவில்லை. சோறு போட்டுக்கொண்டிருந்தவள், திடீரென்று என்னிடம் கேட்டாள்.

"அண்ணா, அந்த நேரம் நீங்கள் எல்லாரும் இஞ்ச என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

அவள் குரலில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"வேலைதான். பிறகு ஊர்வலம், போராட்டம் எண்டு தெருவில நிண்டம்," என்றேன்.

"பொய் சொல்லாத," என்றான் கூட்டாளி. அவளைப் பார்த்தான். "பந்தடிச்சனாங்கள். ஞாயிறு ஞாயிறு போய்ப் பந்தடிச்சனாங்கள்."

அவன் மனைவி அகப்பையை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். தங்கச்சி சோற்றுக் கரண்டியோடு அவன் பக்கம் திரும்பினாள்.

"வெண்டனீங்களோ?"

"இல்லை. நான் விளையாடின எல்லாத்திலயும் தோல்வி. கடைசியில கீழ இறக்கிப்போட்டாங்கள்."

"வெண்டிருந்தா எனக்குக் கோபம் வந்திருக்கும்," என்றாள்.

அவன் தலை குனிந்து சாப்பிடத் தொடங்கினான். நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அவள் எனக்கு இன்னும் ஒரு கரண்டி சொதி ஊற்றிவிட்டு, தான் வேலைக்குப் போகிற ரயில் காலையில் எப்போதும் பிந்தி வருவதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.